பேரன் கண் சிமிட்டுகிறான், பேத்திக்கு முடி கொட்டுகிறது

கேள்வி:

டொக்டர், விசுவமடுவில இருந்து எழுதுறன். எனக்கு அறுபத்திரண்டு வயது. பக்கத்து வீட்டுப் பிள்ளைதான் எழுதித் தருகுது. மகள் குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போய் ஒண்டரை வருசம். மருமகன் எங்களோட இல்லை. பேரப்பிள்ளையள் ரண்டு பேரையும் நான்தான் பாக்கிறன்.

பேரனுக்கு ஒன்பது வயது, நாலாம் வகுப்பு. ஏழெட்டு மாதமாக் கண்ணைச் சிமிட்டிச் சிமிட்டி, கழுத்தை ஒரு பக்கம் வெட்டி இழுக்கிறான். இப்ப 'ம்க்கும், ம்க்கும்' எண்டு தொண்டையையும் செருமுறான். நகமும் கடிக்கிறான். முதலாம் வகுப்பிலயும் ஒருக்காக் கண் சிமிட்டினவன். ரண்டு மாதத்தில தன்ர பாட்டில நிண்டிட்டுது. வேணுமெண்டு சத்தம் போடுறான் எண்டு மிஸ் வகுப்புக்கு வெளியில விட்டவ. அதிபர் வந்தா ஒண்டும் செய்யானாம். கிரிக்கெட் அடிக்கேக்கயும் குளத்தில குளிக்கேக்கயும் ஒண்டும் இல்லை. தாயோட போனில கதைக்கேக்கதான் மெத்தக் கூட. அதைப் பாத்து அவள் அழுறாள், வேலையை விட்டிட்டு வாறன் எண்டுறாள். நூல் கட்டினனான். கொஞ்ச நாள் குறைஞ்சு, பிறகும் வந்திட்டுது. என்ர மூத்தவன், 2009இல காணாமல் போனவன், அவனும் சின்னனில இப்பிடித்தான் தோளைக் குலுக்குவான். நாங்கள் செல்லடிக்குள்ள பட்டதெல்லாம் இந்தப் பிள்ளையளில வந்து நிக்குதோ? அடிச்சுத் திருத்தலாமோ? மருந்து இருக்கோ?

பேத்திக்குப் பன்னிரண்டு. அவளால ஒரு கரைச்சலும் இல்லை, வீட்டு வேலையும் அவள்தான். சாமத்திய வீட்டுக்குத் தலையில பூ வைக்கேக்கதான் கண்டது, உச்சியில ஒரு குத்திக் காசளவுக்கு மயிர் இல்லை. புழுவெட்டு எண்டு எண்ணெய் பூசுறன். படிக்கேக்க விரலால மயிரைச் சுத்திக்கொண்டே இருப்பாள். ஒட்ட வெட்டிவிட்டா நல்லா வளருமோ?

பதில்:

அம்மா, உங்கள் கடிதத்தில் முக்கால்வாசி பேரனைப் பற்றியது. பேத்திக்குக் கடைசியில் நாலைந்து வரி. எனக்குக் கவலை வந்தது அந்த நாலைந்து வரியில்தான். ஆனாலும் நீங்கள் எழுதிய வரிசையிலேயே போகிறேன். பேரனுக்கு இருப்பது என்னவென்று விளங்கினால், பேத்தியுடையது எங்கே வேறுபடுகிறது என்பதும் தானாக விளங்கும்.

பேரன் செய்வதை வைத்தியர்கள் 'டிக்' என்பார்கள். கண் சிமிட்டுவது, மூக்கைச் சுளிப்பது, கழுத்தை வெட்டி இழுப்பது, தோளைக் குலுக்குவது, தொண்டை செருமுவது எல்லாம் அதில் அடங்கும். பெரும்பாலும் கண்ணிலும் முகத்திலும் தொடங்கிக் கழுத்துக்கும் தோளுக்கும் இறங்கும். நாலு வயதுக்கும் ஏழு வயதுக்கும் இடையில் தலைகாட்டும். பெண் பிள்ளைகளைவிட ஆண் பிள்ளைகளுக்கு மூன்று நாலு மடங்கு கூடுதலாக வரும். சில கிழமை கூடும், சில கிழமை குறையும், ஒன்று போய் அந்த இடத்துக்கு இன்னொன்று வரும். முதலாம் வகுப்பில் கண் சிமிட்டி, நின்று, பிறகு கழுத்துக்கு வந்து, இப்போது தொண்டைக்கு வந்திருக்கிறது என்று நீங்கள் எழுதியிருக்கிறீர்கள். கிளினிக் கொப்பியில் நாங்கள் எழுதுவதுகூட இவ்வளவு தெளிவாக இருக்காது.

அவன் இதை வேண்டுமென்று செய்யவில்லை. அதிபர் வந்தால் நிற்கிறது, கிரிக்கெட்டில் இல்லை என்பதைத்தானே மிஸ் சாட்சியாகச் சொல்கிறார்? அந்த இரண்டும் என் கண்ணுக்கு அவன் பக்கத்துச் சாட்சிகள். உங்களுக்கு எழுதித் தரும் பிள்ளையை மணிக்கூட்டைப் பார்க்கச் சொல்லிவிட்டு, ஒரு நிமிடம் கண்ணை இமைக்காமல் இருந்து பாருங்கள். இருபது வினாடியில் கண் எரியத் தொடங்கும். அடக்கலாம். ஆனால் வேறெதையும் நினைக்க முடியாது, கடைசியில் நாலைந்து தரம் சேர்த்து இமைத்தால்தான் ஆறுதல். பேரனுக்குக் கழுத்திலும் தொண்டையிலும் அப்படி ஓர் உந்தல் வருகிறது. அதிபர் நிற்கும் கொஞ்ச நேரம் அவன் அதை அடக்கிப் பிடிக்கிறான். அந்த நேரம் அதிபர் சொன்னது எதுவும் அவன் காதில் ஏறியிருக்காது. பள்ளிக்கூடத்தில் நாள் முழுக்க அடக்கிவிட்டு வீட்டுக்கு வந்து விட்டு விடும் பிள்ளைகளும் இருக்கிறார்கள். "பள்ளிக்கூடத்தில நல்லாத்தான் இருக்கிறான், வீட்டிலதான் குழப்படி" என்று தாய்மார் சொல்வதில் பாதி இந்தக் கதைதான்.

கிரிக்கெட்டும் குளமும் வேறு விதம். அங்கே அவன் அடக்கவில்லை. உடம்பும் மனமும் ஒன்றில் முழுதாக இறங்கும்போது அந்த உந்தலே குறைந்துவிடுகிறது. சித்திரம் கீறும்போதும் மிருதங்கம் அடிக்கும்போதும் அப்படியே. ஆகவே சாயந்தரம் விளையாட விடாமல் பிடித்து இருத்துவது அவனுக்கு ஓய்வு கிடைக்கிற ஒரே நேரத்தைப் பறிக்கிற மாதிரி. அடுத்த வருடம் புலமைப்பரிசில் பரீட்சை என்று இப்போதே ரியூசனுக்கு அனுப்பத் தொடங்கியிருப்பீர்கள். அதை முழுக்க நிறுத்தச் சொல்லவில்லை. பள்ளிக்கூடம் விட்டு வந்து சாப்பிட்டுவிட்டு நேரே ரியூசன், அது முடிய வீட்டுப் பாடம், பிறகு படுக்கை என்று இருந்தால் நடுவில் ஒரு மணித்தியாலம் வெட்டி எடுத்து அவனுக்குக் கொடுங்கள். களைப்பிலும் நித்திரைக் குறைவிலும் டிக் கூடும். பயம், பதற்றம், ஏன், சந்தோசத்திலும்கூடக் கூடும்.

தாயுடன் கதைக்கும்போது கூடுவது அதனால்தான். அவள் வேலையால் ஓய்ந்து எடுக்கும் அழைப்பு அவனுக்கு அந்தக் கிழமையின் பெரிய விஷயம். நெஞ்சு நிறைய ஆவல், லைன் எப்போது அறுமோ என்ற பதற்றம், எல்லாம் சேர்ந்து கண்ணும் கழுத்தும் துள்ளும். அவள் அதைப் பார்த்து "கண்ணைச் சிமிட்டாத அப்பு" என்கிறாள். டிக்கைப் பற்றிக் கதைத்தாலே டிக் வரும். பிறகு அவள் அழுகிறாள். அவன் என்ன விளங்கிக்கொள்வான்? தன் முகத்தைப் பார்த்தால் அம்மாவுக்கு அழுகை வருகிறது என்றுதான். இதை மகளுக்கு அப்படியே சொல்லுங்கள், கோபமாக இல்லாமல். கமராவைப் போட்டதும் அவன் கண்ணைப் பற்றி ஒரு சொல்லும் வேண்டாம். எத்தனை ரன் அடித்தாய், மாடு கன்று போட்டதா, மிஸ் என்ன படிப்பித்தா என்று கேட்கட்டும். அவளுக்கு அழுகை வந்தால் கமராவை ஓஃப் பண்ணிவிட்டுக் கதைக்கட்டும்.

வேலையை விட்டுவிட்டு அவள் வர வேண்டுமா? இதற்காக வேண்டியதில்லை. அவள் போனது ஒன்றரை வருடத்துக்கு முன். அவன் முதலில் கண் சிமிட்டியது முதலாம் வகுப்பில், அவள் வீட்டில் இருந்த காலத்தில். அவள் பிரிவு அவனுக்குத் துக்கமில்லை என்று நான் சொல்லவில்லை. துக்கம் டிக்கைக் கூட்டலாம். ஆனால் அதை உண்டாக்கியது அவள் இல்லை. ஏஜென்சிக் காசு, ஒப்பந்தம், கடன் எல்லாவற்றையும் இந்தக் கண் சிமிட்டலுக்காக முறித்துக்கொண்டு வந்து, வந்த பிறகும் அவன் சிமிட்டினால் அந்தப் பிள்ளைக்கு இன்னொரு பாரமும் ஏறும்.

செல்லடியைப் பற்றிக் கேட்டீர்கள். வன்னியில் எந்தப் பிள்ளைக்கு என்ன வந்தாலும் பெரியவர்களுக்கு இந்தக் கேள்வி எழும். எழாமல் இருந்தால்தான் ஆச்சரியம். டிக் என்பது மூளையின் ஆழத்தில் அசைவுகளைத் தெரிந்தெடுத்து விடுகிற, தேவையில்லாததை மறிக்கிற சுற்றுகள் சம்பந்தப்பட்டது. அது குடும்ப வழியில் வரும். உங்கள் மூத்தவர் சின்ன வயதில் தோளைக் குலுக்கினார் என்று எழுதியதே போதும். அவருக்கு அது 2009க்கு வெகு காலம் முன்பே இருந்திருக்கும். மாமனுக்கு வந்த அதே குடும்ப வழியில் பேரன் பெற்றிருப்பது ஓர் உடல்வாகு. உயரமும் மூக்கும் வருகிற மாதிரி அதுவும் வந்திருக்கிறது.

அதே வரியில் இன்னொன்றையும் கண்டேன். அவன் தோளைக் கழுத்தை அசைக்கும் ஒவ்வொரு தரமும் உங்களுக்கு மூத்தவர் ஞாபகம் வருகிறது. அவரைத் தேடிக் களைத்த கண்ணோடுதான் நீங்கள் இவனைப் பார்க்கிறீர்கள். உங்களுக்கு நெஞ்சு பதைப்பது கண் சிமிட்டலால் மட்டும் இல்லை என்று நினைக்கிறேன். அந்தப் பதைப்பு நியாயமானது. ஆனால் அது என்னவென்று ஒன்பது வயதுப் பிள்ளைக்குத் தெரியாது. அம்மம்மா தன்னைப் பார்த்துப் பயப்படுகிறா என்றுதான் தெரியும். ஒருநாள், அவன் அமைதியாக இருக்கும் நேரம் பார்த்து, "உன்ர மாமாவும் சின்னனில இப்பிடித்தான் செய்யிறவர், வளர வளரக் குறைஞ்சிட்டுது" என்று, அப்படிக் குறைந்திருந்தால், சொல்லுங்கள். அவனுக்குத் தன்னைப்போல் ஒருவர் இருந்தார் என்று ஆகும். உங்களுக்கும் மூத்தவரைப் பற்றிக் கதைக்க ஓர் ஆள் கிடைக்கும். உங்களால் அதைச் சொல்ல முடியாதிருந்தால், நித்திரை இல்லாமல் இருந்தால், நீங்களும் உளநலப் பிரிவில் ஒருமுறை கதைக்கலாம். பிள்ளைகளைக் கூட்டிப் போகிற அதே பயணத்தில் செய்யலாம்.

அடித்துத் திருத்தலாமா? முடியாது. அடித்தால் பயம், பயத்தில் டிக் கூடும், கூடினால் இன்னும் அடி. 'நிப்பாட்டு', 'என்னடா இது', 'ஆக்கள் பாக்கினம்' என்ற மூன்றையும் வீட்டில் நிறுத்துங்கள். கண்டும் காணாமல் இருப்பது சும்மா இருப்பது இல்லை அம்மா, அது கஷ்டமான வேலை. முதல் கிழமை உங்கள் வாயைக் கட்டுவது பெரும்பாடாக இருக்கும். கொஞ்சினால் குறையும் என்று அவன் செருமும் நேரமெல்லாம் கிட்டப்போய் அணைக்கவும் வேண்டாம். சோறு போடுகிற நேரம் சோறு, பாடம் கேட்கிற நேரம் பாடம், அவ்வளவுதான். ஊரில் யாரும் கேட்டால் அவனுக்கு முன்னால் விளக்கம் சொல்லாமல் "அது அவனுக்கு அப்பிடித்தான்" என்று விட்டுவிடுங்கள்.

பள்ளிக்கூடத்துக்கு நீங்களே ஒருமுறை போக வேண்டும். சண்டைக்கு இல்லை. மிஸ்ஸுக்கு முப்பது நாற்பது பிள்ளைகள். ஓயாமல் செருமும் சத்தம் யாருக்கும் எரிச்சல்தான். வைத்தியரிடம் ஒரு துண்டு வாங்கிக்கொண்டு போனால் கதை சுலபமாகும். கேட்க வேண்டியது இவ்வளவுதான்: வெளியில் விட வேண்டாம். முன் வாங்கில் நடுவில் இருத்தாமல் ஓரமாக, பின்னுக்கு இருப்பவர்கள் முதுகைப் பார்த்துக்கொண்டு இருக்காத இடத்தில் இருத்தினால் நல்லது. தாங்க முடியாமல் வரும்போது தண்ணி குடிக்கப் போய்வர விட வேண்டும். மற்றப் பிள்ளைகள் நையாண்டி செய்தால் அதை நிறுத்த வேண்டும். பரிகாசம் டிக்கைவிட மோசமாகப் பிள்ளையைப் பாதிக்கிறது என்பது என் அபிப்பிராயம். டிக் உள்ள பெரியவர்களோடு கதைத்துப் பாருங்கள், கழுத்து வலித்ததை மறந்திருப்பார்கள், பட்டப்பெயரை மறந்திருக்கமாட்டார்கள்.

நூலை அவிழ்க்கச் சொல்லமாட்டேன். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். டிக் மிகவும் கூடி, மனம் பொறுக்காத நாளில்தான் நூல் கட்டப் போவோம். கூடியது எப்படியும் சில கிழமையில் குறையும். குறைந்ததும் புண்ணியம் நூலுக்குப் போய்விடும். எங்கள் குளிசைகளுக்கும் இப்படி இனாமாக நல்ல பெயர் கிடைப்பதுண்டு. பிறகு திரும்ப வந்ததும் "நூலும் பலிக்கேல்லை" என்று அவன்மேல் இன்னும் பயப்படாதீர்கள். கூடிக் குறைவது இதன் குணம்.

இதுவரை எழுதியது உங்கள் கடிதத்தை நம்பி. நேரில் ஒரு வைத்தியர் பார்க்காமல் இது டிக்தான் என்று முடிவெடுக்கக் கூடாது. கண் சிமிட்டல் கண் அலர்ஜியாலும் பார்வைக் குறைவாலும் வரலாம். செருமல் தொய்வாலும் மூக்கு அலர்ஜியாலும் வரலாம். இவை சின்ன விஷயங்கள். பெரிய விஷயம் ஒன்றும் உண்டு. சில பிள்ளைகளுக்குத் தொண்டை நோவும் காய்ச்சலும் வந்து போய்ச் சில கிழமை, சில மாதம் கழித்துக் கை, கால், முகம் தன்பாட்டில் நெளியத் தொடங்கும். டிக் போல ஒரே அசைவு திரும்பத் திரும்ப வராது. ஒன்றுடன் ஒன்று சேராமல் ஓடிக்கொண்டிருக்கும். கோப்பை கையால் நழுவும், கொப்பியில் எழுத்து திடீரென்று குழம்பும், காரணமில்லாமல் அழுவான். நாக்கை நீட்டிப் பத்து எண்ணும் வரை வைத்திருக்கச் சொன்னால் முடியாது, உள்ளே போய் வரும். உங்கள் விரலை இறுக்கிப் பிடிக்கச் சொன்னால் பிடி இறுகுவதும் தளர்வதுமாக இருக்கும். இது ருமாட்டிக் காய்ச்சலின் ஒரு முகம். இதய வால்வைத் தாக்கக் கூடியது, பல வருடம் பெனிசிலின் ஊசி போட வேண்டி வரலாம். பேரனுக்கு அப்படி இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. ஆனால் இந்த நாக்கு, விரல் சோதனையை நீங்களே இன்று செய்து பார்க்கலாம். சந்தேகம் இருந்தால் காத்திருக்க வேண்டாம்.

இன்னொன்று, கதைத்துக்கொண்டிருந்தவன் நடுவில் நின்று, பத்துப் பதினைந்து வினாடி வெறித்துப் பார்த்து, இமை துடித்து, கூப்பிட்டாலும் கேளாமல், பிறகு ஒன்றும் நடக்காத மாதிரித் தொடர்ந்தால் அது ஒருவகை வலிப்பாக இருக்கலாம். டிக் வரும்போது பிள்ளை உங்கள் சொல்லைக் கேட்டுக்கொண்டேதான் இருப்பான். வாந்திக்கு மருந்து கொடுத்த பிறகு கழுத்து ஒரு பக்கம் இழுத்துப் பிடித்தால் அதுவும் வேறு. அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், எந்த மருந்து கொடுத்தது என்று துண்டையும் கொண்டு போக வேண்டும்.

மருந்து இருக்கிறதா என்று கேட்டீர்கள். இருக்கிறது. ஆனால் பெரும்பாலான பிள்ளைகளுக்குத் தேவைப்படாது. கழுத்து நோகும் அளவுக்கு இழுத்தால், படிப்பும் நித்திரையும் கெட்டால், பிள்ளை வெட்கத்தில் பள்ளிக்கூடம் போக மறுத்தால் வைத்தியர் குளிசை தருவார். நித்திரைத் தூக்கம், கூடின பசி போன்ற பக்க விளைவுகளோடு அவை வரும். அதற்கு முன் ஒரு பயிற்சி உண்டு. 1973இல் அஸ்ரின், நன் என்ற இரு அமெரிக்க உளவியலாளர்கள் எழுதிய முறை. முதலில் பிள்ளை தனக்குள் அந்த உந்தல் எழுவதை அறியப் பழகுவான். எழுந்ததும், டிக்கோடு சேர்ந்து செய்ய முடியாத வேறொன்றை ஒரு நிமிடம் வரை, உந்தல் தணியும் மட்டும் செய்வான். கழுத்து வெட்டுக்கு நாடியைச் சற்றே தாழ்த்திக் கழுத்தை மெதுவாக இறுக்கி நேரே பார்ப்பது. செருமலுக்கு வாயை மூடி மூக்கால் மெதுவாக மூச்சு எடுத்து விடுவது. கண் சிமிட்டலுக்கு வேண்டுமென்றே மெதுவாக, ஆறுதலாக இமைப்பது. 2010இல் அமெரிக்காவில் 9 முதல் 17 வயது வரையான 126 பிள்ளைகளில் இதை விரித்துச் சோதித்தார்கள். பத்துக் கிழமையில் பயிற்சி பெற்றவர்களில் அரைவாசிக்குச் சற்றுக் கூடியவர்களுக்கு நல்ல முன்னேற்றம். ஆறுதலும் விளக்கமும் மட்டும் பெற்றவர்களில் ஐந்தில் ஒருவருக்கும் குறைவு. இதைப் பழக்கத் தெரிந்தவரிடம் பழக வேண்டும். முக்கியமாக, அவனுக்கு வேண்டும் என்றால்தான். அவனிடம் கேட்டுப் பாருங்கள். "எனக்கு ஒண்டும் செய்யேல்லை, மிஸ் ஏசுறதுதான் கரைச்சல்" என்று சொன்னால் பயிற்சி மிஸ்ஸுக்கும் உங்களுக்கும்தான். பழகினாலும் "செய், செய், மூச்சு எடு" என்று நீங்கள் காவலுக்கு நிற்க வேண்டாம்.

வைத்தியர் 'டூரெட்' என்ற பெயரைச் சொல்லக்கூடும். அசைவும் சத்தமும் இரண்டும் இருந்து, தொடங்கி ஒரு வருடம் கடந்தால் வைக்கும் பெயர். 1885இல் இதை விவரித்த பிரெஞ்சு வைத்தியர் ஒருவரின் பெயர் அது. போனில் தேடினால் கெட்ட வார்த்தை கத்துகிறவர்களின் வீடியோதான் வரும்; அப்படிச் செய்பவர்கள் இதில் சிறு பகுதியினர் மட்டும். தேடாதீர்கள். உங்களுக்கு எழுதித் தரும் பிள்ளையையும் தேட விடாதீர்கள்.

ஒரு உண்மையை மறைக்கமாட்டேன். டிக் பத்துக்கும் பன்னிரண்டு வயதுக்கும் இடையில்தான் உச்சத்துக்குப் போகும். அவனுக்கு இப்போது ஒன்பது. அடுத்த ஓரிரு வருடம் கூடலாம், பரீட்சை வருடம் உட்பட. அதன்பின் பெரும்பாலானவர்களுக்கு இளவயதில் நன்றாகக் குறைந்துவிடும். சிலருக்கு மெல்லியதாகத் தங்கும்.

நகம் கடிப்பது கனக்கப் பிள்ளைகளிடம் இருக்கிறது. நகத்தை ஒட்ட வெட்டி வையுங்கள், பூச்சி மருந்து காலத்துக்குக் கொடுங்கள், விரலில் மிளகாயும் வேப்பெண்ணெயும் பூச வேண்டாம். கண்ணைக் கசக்கினால் அதுதான் பெரிய கரைச்சல்.

இனிப் பேத்தி.

படிக்கும்போது முடியைச் சுற்றுகிறாள், உச்சியில் முடி இல்லை. இரண்டையும் நீங்கள் அடுத்தடுத்த வரியில் எழுதியும் சேர்த்துப் பார்க்கவில்லை. எண்ணெய் பூசும்போது அந்த இடத்தை வெளிச்சத்தில் பாருங்கள். புழுவெட்டு என்றால் தோல் வழுவழு என்று இருக்கும். அங்கே கட்டை முடிகள் ஒன்று நீளம், ஒன்று குட்டை என்று ஒழுங்கில்லாமல் முறிந்து நின்றால், அவள் தானே பிடுங்குகிறாள் என்று சந்தேகிக்க வேண்டும். அது பெரும்பாலும் பத்து முதல் பதின்மூன்று வயதில் தொடங்கும். தம்பியுடையது போல் ஊருக்குத் தெரிய வராது. தனிய இருக்கும்போது, படிக்கும்போது, படுக்கையில், கை தன்பாட்டில் போகும். பிடுங்கிய பிறகு ஒரு சின்ன ஆறுதல், அதன்பின் பெரிய வெட்கம். வெட்கத்தில் மறைப்பார்கள். சாமத்திய வீட்டுக்குப் பூ வைக்கும் வரை உங்களுக்கே தெரியாமல் அவள் மறைத்திருக்கிறாள். எத்தனை மாதம் தலையை எப்படி எப்படி வாரிப் பின்னியிருப்பாள்!

அவளால் கரைச்சல் இல்லை என்கிறீர்கள். தாய் போன பிறகு சமையல், கூட்டல், தம்பி, படிப்பு, பெரியபிள்ளை ஆனது, அந்தச் சடங்கையும் தாய் இல்லாமல் கழித்தது என்று எல்லாவற்றையும் ஒரு சத்தமும் இல்லாமல் செய்திருக்கிறாள். முடி பிடுங்குவதற்கு எப்போதும் ஒரு துக்கம்தான் காரணம் என்று சொல்ல முடியாது. பழக்கமாக மட்டும் நிற்கும் பிள்ளைகளும் உண்டு. ஆனால் பன்னிரண்டு வயதில் இவ்வளவு நல்ல பிள்ளையாக இருப்பதைப் பார்த்தால் நான் ஒருமுறை நின்று விசாரிப்பேன்.

ஒட்ட வெட்ட வேண்டாம். பெரியபிள்ளையான ஒருத்தியின் தலையை ஒட்ட வெட்டினால் பள்ளிக்கூடத்தில் அவள் படும் பாடு உங்களுக்குத் தெரியும். கையைத் தட்டிவிடவும் வேண்டாம், "ஏன் பிடுங்குறாய்" என்று கேட்கவும் வேண்டாம். அவளுக்கே தெரியாத காரணத்தைக் கேட்டால் பொய்தான் வரும். தனியே இருக்கும்போது "தலையில இடம் விட்டிருக்கிறதைக் கண்டனான். உன்னில பிழை இல்லை. ரண்டு பேரும் டொக்டரிட்டப் போவம்" என்று சொல்லுங்கள், அவ்வளவு போதும். படிக்கும்போது உங்களுக்குப் பக்கத்தில், நீங்கள் அரிசி புடைக்கும் இடத்தில் இருந்து படிக்கட்டும். மற்றக் கைக்குப் பிடித்து உருட்ட ஏதும் கொடுங்கள். படிக்கும் நேரம் தலையை இறுக்கிப் பின்னித் துணியால் கட்டலாம். வீட்டு வேலையில் ஒரு பங்கைப் பேரனுக்குக் கொடுங்கள். கண் சிமிட்டுகிறவனுக்குப் பாத்திரம் கழுவ முடியும்.

பிடுங்கிய முடியைக் கடிக்கிறாளா, விழுங்குகிறாளா என்று கவனியுங்கள். விழுங்கிய முடி வயிற்றில் உருண்டையாகத் திரளும். வயிற்று நோவு, சாப்பாட்டு மறுப்பு, வாந்தி இருந்தால் முடியைப் பற்றியும் சொல்லி உடனே ஆஸ்பத்திரியில் காட்ட வேண்டும்.

அவளுடன் யாராவது தனியே இருந்து கதைக்க வேண்டும். நித்திரை, மனம், பள்ளிக்கூடம், அத்துடன் யாரும் அவளுக்குத் தொந்தரவு கொடுக்கிறார்களா என்பதையும் கேட்க வேண்டும். ரியூசன் போகிற வழி, வீட்டுக்கு வந்துபோகிறவர்கள் எல்லாம் அதில் அடங்கும். உங்களைக் குறை சொல்லவில்லை. தாய் தூரத்தில் இருக்கும் எந்த வளரும் பெண் பிள்ளை விஷயத்திலும் நான் விடாமல் கேட்கும் கேள்வி இது. அப்படி ஏதும் இருந்தால் 1929 என்ற இலக்கத்துக்குச் சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையை அழைக்கலாம். மனச்சோர்வு பற்றிக் கதைக்க 1926 இருக்கிறது.

கிளிநொச்சி மாவட்டப் பொது வைத்தியசாலைக்குப் பரந்தன் வழியாக பஸ் எடுத்துப் போங்கள். வெளிநோயாளர் பிரிவில் சொன்னால் பேரனைச் சிறுவர் கிளினிக்குக்கும் பேத்தியை உளநலப் பிரிவுக்கும் அனுப்புவார்கள். இரண்டுக்கும் காசு இல்லை. போகும் முன், பேரனுக்குத் தெரியாமல் போனில் ஒரு நிமிட வீடியோ எடுத்து வையுங்கள். வைத்தியருக்கு முன்னால் அவன் அதிபருக்கு முன்னால் இருப்பது போலத்தான் இருப்பான். வைத்தியர் பார்த்ததும் அதை அழித்துவிடுங்கள். பேத்தியை வீடியோ எடுக்க வேண்டாம்.

இரண்டு பேரையும் ஒரே நாளில் கூட்டிப் போவதென்றால் பேத்தியின் துண்டை முதலில் எடுங்கள். மகளிடமும் சொல்லுங்கள், அடுத்த வெள்ளிக்கிழமை அழைக்கும்போது தம்பியை விளையாட அனுப்பிவிட்டு, போனைப் பேத்தியிடம் தனியே கொடுக்கச் சொல்லி.